டாட் போர்டில் ஒயரிங்: கிரவுண்டு முதலில், சிக்னல் கடைசியில்

பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் போர்டு) ஒழுங்காக ஓடிய சர்க்யூட்டை டாட் போர்டுக்கு (ஓட்டை வரிசைகள் உள்ள, சால்டர் செய்து இணைக்கும் போர்டு) மாற்றியிருக்கிறீர்கள்: ஒரு ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப், ஒரு டிஸ்ப்ளே, ஒரு எல்எம்35 வெப்பநிலை சென்சார், ஒரு சின்ன சர்வோ மோட்டார். போர்டின் அடிப்பக்கம் ஒயர் பின்னிப் பிணைந்து கிடக்கிறது. சர்வோ அசைந்தால் சிப் ரீசெட் ஆகிறது, வெப்பநிலை எண் குதிக்கிறது. எந்த ஒயர் வாங்கலாம், எந்த முறையில் இணைக்கலாம், ரீசெட் ஏன் வருகிறது என்று கேட்கிறீர்கள்.

கேள்வி மூன்றாக இருந்தாலும் வேர் ஒன்றுதான். ஸ்கீமேட்டிக்கில், அதாவது சர்க்யூட் வரைபடத்தில், இருக்கும் கோடுகளை ஒவ்வொன்றாக ஒயராக மாற்றிக்கொண்டே போவதுதான் பலருடைய பழக்கம். கிரவுண்டும் (சப்ளையின் மைனஸ் பக்கம்) அந்தக் கோடுகளில் ஒன்று என்று நினைத்து, மிச்சம் இருக்கும் இடத்தில் அதைக் கடைசியாக ஓட்டுவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். கிரவுண்டு முதலில், அப்புறம் சப்ளை, அப்புறம் கெப்பாசிட்டர்கள். சிக்னல் ஒயர்கள் எல்லாம் கடைசியில்.

ஏன் என்று எண்களை வைத்தே பார்த்துவிடலாம். டாட் போர்டு வேலைக்கு அதிகம் பயன்படும் 30 கேஜ் ஒயரில் செம்பின் விட்டம் 0.25 மி.மீ. மீட்டருக்கு ஏறக்குறைய 0.34 ஓம் தடை. சர்வோவுக்கு 20 செ.மீ. நீளத்தில் ஒரு சப்ளை ஒயரும் அதே நீளத்தில் ஒரு கிரவுண்டு ஒயரும் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வோ 1 ஆம்பியர் இழுக்கும் நொடியில் ஒவ்வொரு ஒயரிலும் சுமார் 68 மில்லிவோல்ட் விழும். 5 வோல்ட்டில் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் எல்எம்35 சென்சாரின் கிரவுண்டு காலை, பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக, சர்வோ கிரவுண்டின் அந்தக் கோடியில் சேர்த்திருந்தால் கதையே வேறு. சென்சாரின் பூஜ்யம் 68 மில்லிவோல்ட் மேலே ஏறிவிடுகிறது. எல்எம்35 ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தருவது. ஆக, சர்வோ அசையும்போது அறையின் வெப்பம் ஏழு டிகிரி கூடிவிட்டதாக சிப் நம்பும். அதன் 10 பிட் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது, ஒரு படி 4.9 மில்லிவோல்ட். பதினான்கு படி தாவும் அந்த எண்ணைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். ஒயர் சரியாகத்தான் சேர்ந்திருக்கிறது, மல்டிமீட்டரும் பீப் அடிக்கும். சேர்ந்த இடம்தான் தப்பு.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, தடித்த ஒயர். 22 கேஜ் ஒயர் 0.64 மி.மீ. விட்டம், மீட்டருக்கு 0.053 ஓம்தான், அதே 20 செ.மீ.யில் 11 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கிவிடும். இன்னொன்று, அதைவிட நல்லது: சர்வோவின் கரண்ட் போகும் வழியில் சென்சார் கிரவுண்டை ஏற்றவே ஏற்றாதீர்கள். சப்ளை போர்டுக்குள் நுழையும் இடத்தில், அதாவது பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் மைனஸ் காலில், சர்வோவுக்கு ஒரு தனி ஒயர் பிரியட்டும். சிப், சென்சார், டிஸ்ப்ளே ஆகியவற்றுக்கு வேறொரு ஒயர் பிரியட்டும். இரண்டும் சந்திப்பது அந்த ஒரே புள்ளியில் மட்டும். பிளஸ் பக்கமும் அப்படியே.

இதுவரை சொன்னது மெதுவாக மாறும் கரண்டுக்கு. வேகமாக மாறும் கரண்டுக்குத் தடையைவிட இண்டக்டன்ஸ்தான், அதாவது கரண்ட் மாறுவதை ஒயர் எதிர்க்கும் தன்மைதான், எதிரி. ஒயர் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். பிரெட்போர்டில் செருகும் 20 செ.மீ. ஜம்பர் ஒயர் 200 நானோஹென்றி. சிப்பின் உள்ளே கேட்டுகள் மாறும்போது 5 நானோசெகண்டில் 20 மில்லிஆம்பியர் கரண்ட் கூடினால், அந்த ஒயரில் விழுவது 0.8 வோல்ட். ஒயர் 1 செ.மீ. ஆனால் அது 0.04 வோல்ட்டாகச் சுருங்கிவிடும். சிப்பின் சப்ளை காலுக்கும் கிரவுண்டு காலுக்கும் இடையே 104 என்று எழுதிய 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் போடச் சொல்வது இதனால்தான். அந்தச் சின்னத் திடீர்ப் பசிக்கு சிப், சப்ளை வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் வரை போகாமல், பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறது.

பக்கத்தில் என்றால் உண்மையிலேயே பக்கத்தில். ஏடிமெகா328பியின் 28 கால் டிப் பேக்கேஜில் (இரண்டு வரிசையில் கால் உள்ள வடிவம்) 7-ம் கால் சப்ளை, 8-ம் கால் கிரவுண்டு. அடுத்தடுத்த ஓட்டைகள். கெப்பாசிட்டரைப் போர்டின் அடிப்பக்கத்திலேயே, அந்த இரண்டு காலின் மேல் நேராக சால்டர் செய்துவிடலாம். மறுபக்கம் 20-ம் கால் அனலாக் சப்ளை, 22-ம் கால் கிரவுண்டு. இவற்றுக்கும் தனியாக ஒரு 100 நானோஃபாரட் வேண்டும். ஏடிசி பயன்படுத்தாவிட்டாலும் 20-ம் காலுக்கு சப்ளை கொடுக்கத்தான் வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கிரவுண்டு கால்களையும் சாக்கெட்டுக்கு அடியில், சிப்பின் குறுக்காக, ஒரு நேர் கம்பியால் சேர்த்துவிடுங்கள். சாக்கெட்டின் அடியில் இருக்கும் அந்தக் காலி இடம் இந்த மாதிரி வேலைக்கு அருமையான இடம்.

சிப்புக்குத் தாளம் தரும் கிரிஸ்டலும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது. 9, 10-ம் கால்களை ஒட்டி 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், அவற்றின் மறுமுனை 8-ம் கால் கிரவுண்டில். இந்த மூன்றும் ஒரு விரல் நகம் அளவு இடத்துக்குள் முடிய வேண்டும். அதன் பக்கத்தில் சர்வோவின் சிக்னல் ஒயர் போகக் கூடாது.

இனி போர்டு. மலிவான பழுப்பு நிற ஃபீனாலிக் போர்டில் தாமிர வட்டங்கள் (இவைதான் பேட்) ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும், இரண்டாவது முறை சூடுகாட்டினால் கழன்று வந்துவிடும். சர்க்யூட்டை மாற்றி மாற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் எஃப்ஆர்4 என்ற கண்ணாடியிழை போர்டில், ஓட்டைக்குள்ளும் தாமிரம் பூசிய இரட்டைப் பக்க வகையை வாங்குங்கள். அதில் பேட் எளிதில் பெயராது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இரண்டு பக்கமும் பேட் இருப்பதால், மேலே படுக்கும் ரெசிஸ்டர் கால் பக்கத்து பேடைத் தொட்டால் ஷார்ட். பாகங்களை அரை மி.மீ. தூக்கி வைத்து சால்டர் செய்ய வேண்டும்.

நீள நீளமாகத் தாமிரப் பட்டை ஓடும் ஸ்ட்ரிப் போர்டு, ஓப்ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) ஒன்றிரண்டு உள்ள சின்ன சர்க்யூட்டுக்கு நன்றாக வரும். பட்டையை வேண்டிய இடத்தில் 3 அல்லது 4 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகி வெட்டலாம். மைக்ரோகன்ட்ரோலர் மாதிரி கால் நிறைய உள்ள சிப்புக்கு வெட்டும் இடங்களே அதிகமாகிவிடும். வெட்டிய இடத்தில் முடி அளவு தாமிரம் மிச்சமிருந்து படுத்தும் பாடும் உண்டு. நான் அதை இந்த வேலைக்குப் பரிந்துரைப்பதில்லை.

ஆர்டுயினோ ஊனோ என்ற ரெடிமேட் மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் மேல் செருகுவது மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சாதாரண டாட் போர்டின் ஓட்டைகள் 2.54 மி.மீ. இடைவெளியில் இருக்கும். ஊனோவின் 7-ம் பின்னுக்கும் 8-ம் பின்னுக்கும் நடுவே உள்ள இடைவெளி 4.06 மி.மீ. அது ஓட்டை வரிசையோடு ஒத்துப்போகாது. 0 முதல் 7 வரையிலான பின்களும், எதிர்ப்பக்கத்தில் உள்ள பவர், அனலாக் பின்களும் ஒரே கட்டத்தில்தான் இருக்கின்றன. எனவே அவற்றை மட்டும் வைத்து சர்க்யூட்டை முடிக்க முடிந்தால் சாதாரண போர்டே போதும். 8 முதல் 13 வரையிலான பின்களும் தேவை என்றால் அதற்கென்றே செய்த புரோட்டோ ஷீல்டு வாங்குவது நல்லது. நானோ, ராஸ்பெர்ரி பை பிகோ ஆகிய போர்டுகளில் இந்தச் சிக்கலே இல்லை, எல்லா பின்னும் 2.54 மி.மீ. கட்டத்தில் உட்காரும்.

சரி, ஒயர். ஒரே வகை ஒயரில் மொத்த வேலையையும் முடிக்கப் பார்ப்பதால்தான் அடிப்பக்கம் காடாகிறது. மூன்று வகை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகை, மேல் உறை இல்லாத, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, 22 அல்லது 24 கேஜ். கிரவுண்டுக்கும் சப்ளைக்கும் இதுதான். சுருளிலிருந்து வரும் கம்பி வளைந்து நெளிந்து இருக்கும். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறடால் பிடித்து இழுங்கள். கம்பி லேசாக இளகி நீள்வது கையில் தெரியும். அந்தக் கணத்தில் அது ஸ்கேல் மாதிரி நேராகிவிடும். அப்படியே போர்டில் படுக்கவைத்து, முதலில் இரண்டு கோடியையும் சால்டர் செய்து, பிறகு நாலு ஓட்டைக்கு ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டே போகலாம். வளைவு வந்தால் குறடால் செங்கோணத்தில் மடித்துவிட்டு, அந்த மூலையிலும் ஒரு சால்டர். வெட்டி எறியும் ரெசிஸ்டர் கால்களையும் ஒரு டப்பியில் போட்டு வையுங்கள், இரண்டு மூன்று ஓட்டை தூரத்துக்கு அவையே போதும்.

கம்பியே வேண்டாம், பக்கத்துப் பக்கத்து பேடுகளை சால்டரை ஊற்றியே சேர்த்துவிடலாம் என்று சிலர் செய்வதுண்டு. இரண்டு பேடுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. பத்து பேடு நீளத்துக்கு வேண்டாம். சாதாரண ஈய சால்டரின் மின்தடை செம்பைவிட எட்டு ஒன்பது மடங்கு அதிகம். அதைவிடப் பெரிய தொந்தரவு, ஒரு பேடைச் சூடுகாட்டினால் பக்கத்து இணைப்பும் உருகி ஓடும். ஒரு பாகத்தை மாற்ற வேண்டி வந்தால் மொத்த வரிசையும் கையோடு வரும்.

இரண்டாவது வகை, சிக்னல்களுக்கு, கைனார் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட 30 கேஜ் ஒயர். வயர் ராப் ஒயர் என்று கேட்டால் கிடைக்கும். உறையோடு சேர்த்தே விட்டம் அரை மி.மீ.தான், அதனால் ஒரே ஓட்டைச் சந்தில் இரண்டு மூன்று ஒயர் ஓடலாம். ஒற்றைக் கம்பி என்பதால் மடித்த இடத்தில் மடித்தபடி நிற்கும். உறை உரிக்க அந்த அளவுக்கென்று செய்த ஸ்ட்ரிப்பர் வேண்டும். பல்லாலும் பிளேடாலும் உரித்தால் செம்பில் கீறல் விழுந்து, அசைக்கும்போது சரியாக அந்த இடத்தில் ஒடியும். சாதாரண பிவிசி உறை ஒயரை இங்கே தவிர்க்கச் சொல்வேன். சால்டரிங் அயர்ன் பட்டதும் உறை சுருங்கிப் பின்வாங்கி, 3 மி.மீ. செம்பு வெளியே தெரியும். பக்கத்து பேட் 2.54 மி.மீ. தூரத்தில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதே வேலைக்கு எனாமல் பூசிய மெல்லிய கம்பியைப் பயன்படுத்துபவர்களும் உண்டு, நிறைய இணைப்புகள் இருக்கும்போது அது மிகவும் சுத்தமாக வரும். பாலியூரிதேன் பூச்சுள்ள, சால்டர் சூட்டிலேயே பூச்சு எரிந்துபோகும் வகையாக இருக்க வேண்டும். அயர்ன் நுனியில் ஒரு துளி புது சால்டரை உருட்டி, 390 டிகிரி அளவில் கம்பியின் முனையை அதற்குள் இரண்டு மூன்று வினாடி வைத்தால் முனை வெள்ளையாக மின்னும். வரும் புகை நல்லதல்ல, காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். மோட்டாரிலிருந்து பிரித்த கம்பியில் வேறு பூச்சு இருக்கலாம். எவ்வளவு சூடுகாட்டினாலும் அது போகாது, சால்டர் ஒட்டியது போலத் தெரியும், உள்ளே இணைப்பு இருக்காது.

மூன்றாவது வகை, போர்டை விட்டு வெளியே போகும் எதற்கும் பல இழை ஒயர். ஒற்றைக் கம்பி அடிக்கடி அசைந்தால் முறியும், இழை ஒயர் தாங்கும். ஆனால் சால்டர் இழைகளுக்குள் ஏறி நின்ற இடத்தில் அதுவும் கட்டைதான். முறிவது அந்த எல்லையில்தான். அதனால் பேடுக்குப் பக்கத்தில் 2 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு, ஒயரை உறையோடு அதற்குள் நுழைத்து மறுபக்கம் கொண்டுவந்து, பிறகு பேடில் சேருங்கள். இழுத்தால் இழுவையை ஓட்டை தாங்கும், சால்டர் தாங்க வேண்டியதில்லை.

சால்டர் செய்யும் கையைப் பற்றிக் கொஞ்சம். 63/37 கலவை சால்டர் 183 டிகிரியில் ஒரே அடியில் உருகி ஒரே அடியில் உறையும், நடுவில் குழம்பு நிலை கிடையாது. கை நடுங்கினாலும் இணைப்பு கெடும் வாய்ப்பு குறைவு. 0.6 மி.மீ. தடிமன் போதும். மெல்லிய ஒயரை இணைக்கும்போது மூன்று கை வேண்டும் போல இருக்கும். வழி என்னவென்றால், முதலில் பாகத்தின் காலை பேடோடு சால்டர் செய்து முடித்துவிடுங்கள். ஒயரின் முனையை 2 மி.மீ. உரித்து அதற்கும் சால்டர் பூசிவிடுங்கள். கொஞ்சம் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, ட்வீசரால் ஒயரைக் காலோடு ஒட்டி வைத்து, அயர்னால் ஒரு வினாடி தொட்டால் போதும், இரண்டு பூச்சும் சேர்ந்து உருகிப் பிடித்துக்கொள்ளும். புது சால்டர் ஊட்ட வேண்டியதே இல்லை. ஒரே பேடில் நான்கு ஒயர் சேர வேண்டும் என்ற நிலை வந்தால், அங்கே ஒயர் போதாது, ஒரு சிறு கம்பித் துண்டு வேண்டும் என்று பொருள். நான்காவது ஒயரை வைக்கும்போது முதல் மூன்றும் கழன்று வரும்.

அடிப்பக்கத்தில் வழி தவறுவதற்கு முக்கியக் காரணம், போர்டைத் திருப்பினால் இடம் வலமாகிவிடுவதுதான். மேலிருந்து பார்த்தால் கால்கள் எதிர்க்கடிகாரத் திசையில் எண்ணப்படும், அடியிலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில். தலைக்குள் இதைத் திருப்பிக்கொண்டே வேலை செய்யாதீர்கள். சாக்கெட்டின் இரண்டு வரிசைக்கு நடுவே பொருந்தும் அளவில் ஒரு தாளை வெட்டி, அடிப்பக்கத்துக்கு ஏற்றபடி கால் எண்களை எழுதி ஒட்டிவிடுங்கள். அல்லது மார்க்கர் பேனாவால் 1, 14, 15, 28 என்று நான்கு மூலையையாவது குறியுங்கள். லேஅவுட்டையும் கட்டம் போட்ட தாளில் அடிப்பக்கப் பார்வையாகவே வரையலாம். சிப்புக்குப் பதிலாக சாக்கெட்டை சால்டர் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாகங்களை எங்கே வைப்பது என்பதில் ஒரு மணி நேரம் செலவழித்தால் ஒயரிங்கில் மூன்று மணி நேரம் மிச்சமாகும். மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு வசதி உண்டு: எந்தப் பின்னில் எல்இடி, எந்தப் பின்னில் பட்டன் என்பது நம் கையில்தான் இருக்கிறது. சிப்பைச் சுற்றிப் பாகங்களை வைத்துவிட்டு, ஒயர்கள் ஒன்றையொன்று வெட்டாதபடி பின்களைத் தேர்ந்தெடுங்கள், பிறகு நிரலில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஐ2சி, எஸ்பிஐ, சீரியல் (சிப்புகள் ஒன்றோடொன்று பேசும் முறைகள்), அனலாக் ஆகியவற்றின் பின்கள் மட்டும் இடம் மாறாது. அவற்றுக்கு முதலில் இடம் கொடுங்கள்.

இப்போதுதான் சிக்னல் ஒயர்கள். பட்டன், எல்இடி போன்றவை எப்படிப் போனாலும் ஓடும். ஐ2சியில் கவனிக்க வேண்டியது நீளமும் புல்அப் ரெசிஸ்டரும். லைனை சப்ளை வோல்டேஜ் வரை மேலே இழுப்பது அந்த ரெசிஸ்டர்தான், அதனால் ஒயரின் கெப்பாசிட்டன்ஸ் கூடக்கூட ஏற்றம் மெதுவாகும். 4.7 கிலோ ஓம், 100 பிகோஃபாரட் என்றால் ஏற்றத்துக்கு ஏறக்குறைய 400 நானோசெகண்ட் ஆகும். 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் 1000 வரை அனுமதி உண்டு, பிரச்சினை இல்லை. 400 கிலோஹெர்ட்ஸில் அனுமதி 300 மட்டும். அங்கே 2.2 கிலோ ஓம் போட்டால் 190-க்குள் வந்துவிடும். டிஸ்ப்ளே மாட்யூலிலேயே புல்அப் ரெசிஸ்டர் இருக்கலாம், சென்சார் மாட்யூலிலும் இருக்கலாம். எல்லாம் பேரலலாகச் சேர்ந்து மதிப்பு எவ்வளவு ஆகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எஸ்பிஐ வேகமானது, அதன் கிளாக் ஒயரைக் குட்டையாக வையுங்கள். 10 செ.மீ.யைத் தாண்டுகிறது என்றால் சிப்பின் பக்கத்திலேயே 33 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, கிளாக் ஒயரோடு ஒரு கிரவுண்டு ஒயரையும் முறுக்கி அனுப்புங்கள். கிளாக் ஒயரில் போகும் கரண்ட் திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும். அந்த வழி பக்கத்திலேயே இருந்தால் அது வேறு எந்த ஒயரையும் தொந்தரவு செய்யாது. ரிப்பன் கேபிளில் ஒன்று விட்டு ஒன்று கிரவுண்டாக விடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ரீசெட் கால், 1-ம் கால். உள்ளே இருக்கும் புல்அப் 30 முதல் 60 கிலோ ஓம் வரை, மின் இரைச்சல் நிறைந்த போர்டுக்கு அது பலவீனம். வெளியே 10 கிலோ ஓம் ஒன்று போடுங்கள், ரீசெட் பட்டனுக்கு நீண்ட ஒயர் இழுக்காதீர்கள்.

வயர் ராப் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கும் உயிரோடு இருக்க வேண்டிய கலை. சதுரப் பின்னில் 30 கேஜ் ஒயரை ஏழு சுற்று இறுக்கிச் சுற்றினால், பின்னின் கூர்மையான மூலைகள் செம்பில் கடித்து இறங்கி, காற்றுப் புகாத இணைப்பாகிவிடும். சால்டர் தேவையில்லை. நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலங்களின் வழிகாட்டும் கணினியில் மாட்யூல்களை இணைத்த பின்தளம் இப்படிச் சுற்றியதுதான். நாம் வாங்கும் 2.54 மி.மீ. ஹெடர் பின்னும் 0.64 மி.மீ. சதுரம், அதாவது சரியாக அதே அளவு. நீளமான பின் உள்ள ஹெடரைப் போர்டில் வைத்து, கைக்கருவியால் சுற்றலாம். உறையோடு ஒன்றரைச் சுற்று முதலில், அப்புறம் வெறும் கம்பி. பிடிக்கவில்லை என்றால் கருவியை எதிர்ப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். இணைப்பை அடிக்கடி மாற்றும் சோதனைப் போர்டுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

உங்கள் சர்வோவுக்கு வருகிறேன். சின்ன சர்வோவும் சுமை ஏறும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே லைனில் தொங்கும் சிப்பின் சப்ளை ஒரு கணம் தாழ்கிறது. ஏடிமெகா328பியில் பிரவுன்அவுட் எல்லையை (சப்ளை எவ்வளவு தாழ்ந்தால் சிப் ரீசெட் ஆக வேண்டும் என்பதை) சிப்பின் உள் அமைப்பான ஃபியூஸ் பிட்டால் 1.8, 2.7, 4.3 வோல்ட் என்று வைக்கலாம். 4.3-இல் வைத்திருந்தால் 5 வோல்ட் சப்ளை 0.7 வோல்ட் தாழ்ந்தாலே ரீசெட். எல்லையைக் குறைத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். 16 மெகாஹெர்ட்ஸில் ஓட இந்தச் சிப்புக்கு 3.8 வோல்ட்டாவது வேண்டும், அதற்குக் கீழே போனால் ரீசெட் ஆகாமலேயே தப்பாக ஓடும். அது ரீசெட்டைவிடக் கெடுதல். சர்வோவின் கனெக்டரை ஒட்டி 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, சப்ளை நுழையும் இடத்திலிருந்து சர்வோவுக்கு 22 கேஜ் தனி ஜோடி, சிப்புக்கு வேறு ஜோடி. பெரும்பாலான போர்டுகளில் இதோடு தீர்ந்துவிடும். சப்ளையே அந்தக் கரண்டைத் தராது என்றால் சர்வோவுக்கு வேறு சப்ளை வைத்து, கிரவுண்டை மட்டும் ஒரே புள்ளியில் சேருங்கள். கிரவுண்டைச் சேர்க்காவிட்டால் சிக்னலுக்கு அர்த்தமே இருக்காது.

ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலரைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே பாடம் 3.3 வோல்ட்டில் பொருந்தும். வைஃபை அனுப்பும் கணத்தில் அது 240 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும், மெல்லிய ஒயரும் சின்ன ரெகுலேட்டரும் அதைத் தாங்காது. அதன் ஆன்டெனா பகுதிக்குக் கீழே கம்பியோ சால்டரோ போகக் கூடாது. அந்த முனையைப் போர்டின் விளிம்புக்கு வெளியே நீட்டி வைப்பது சிறந்தது.

ரிலே, மோட்டார் இருந்தால் காயிலின் கால்களிலேயே 1என்4007 டயோடைத் தலைகீழாகப் போடுங்கள். போர்டின் இன்னொரு மூலையில் வைத்தால், காயிலுக்கும் டயோடுக்கும் நடுவே உள்ள ஒயர் முழுவதும், காயிலை நிறுத்தும்போது எழும் அதிர்ச்சியைச் சுமக்கும். ரிலேயின் மறுபக்கம் வீட்டு மின்சாரம் வருகிறது என்றால் டாட் போர்டில் அதை ஏற்றவே வேண்டாம். 2.54 மி.மீ.யில் பேடுகள் அடுக்கிய போர்டு அந்த வோல்டேஜுக்கான இடைவெளி தராது. அதற்கென்று செய்த ரிலே மாட்யூலை வாங்கி, தனிப் பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக, சிப்பைச் செருகும் முன் செய்ய வேண்டியவை. சாக்கெட் காலியாக இருக்கும்போது சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் தடை பாருங்கள். கெப்பாசிட்டர் நிரம்பும் வரை எண் ஏறிக்கொண்டே போனால் நல்லது. பூஜ்யத்துக்கு அருகிலேயே நின்றால் ஷார்ட். அடுத்தடுத்த கால்களை ஜோடி ஜோடியாகப் பீப் வைத்துப் பாருங்கள், பீப் அடிக்கக் கூடாத இடத்தில் அடிக்கிறதா என்பதுதான் முக்கியம். ஸ்கீமேட்டிக்கை அச்சிட்டு, சோதித்த ஒவ்வொரு கோட்டின் மேலும் நிறப் பேனாவால் இழுத்துக்கொண்டே வாருங்கள். பிறகு கரண்ட் வரம்பு உள்ள சப்ளையில் 50 மில்லிஆம்பியர் வைத்து பவர் கொடுத்து, சாக்கெட்டின் 7, 20-ம் கால்களில் 5 வோல்ட் வருகிறதா, 8, 22-ம் கால்கள் பூஜ்யத்தில் இருக்கின்றனவா என்று அளந்துவிட்டு, பவரை நிறுத்தி, சிப்பைச் செருகுங்கள். சர்வோவை அப்போதும் மாட்டாதீர்கள். சென்சார் எண் அசையாமல் நிற்கிறது என்று தெரிந்த பிறகு, வரம்பை 1 ஆம்பியருக்கு உயர்த்தி சர்வோவை மாட்டி ஓட்டுங்கள். அப்போது எண் ஒன்றிரண்டு படிக்கு மேல் ஆடினால், மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைச் சப்ளை நுழையும் கிரவுண்டிலும் மறுமுனையைச் சென்சாரின் கிரவுண்டு காலிலும் பிடித்து, சர்வோவை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்துச் சுமை கொடுத்துப் பாருங்கள். சர்வோ சூடாகும் என்பதால் ஓரிரு வினாடி போதும். அங்கே தெரியும் மில்லிவோல்ட், சர்வோவின் கரண்ட் இன்னும் எந்த ஒயரில் திருட்டுத்தனமாகப் போகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.